ஈர ஓடுபாதையும் சூ அண்ணனும்

எங்கள் விமான நிலையத்தில் பறவை விரட்டுகிறவர் ஒருவர் இருந்தார். அப்படியெல்லாம் ஒரு வேலையா என்று சிரிப்பவர்களைக் கண்டால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சீட்டில் உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடித் தூங்குகிறவர்களுக்கு என்ன தெரியும்? ஒரு கொக்கு எஞ்சினுக்குள் போனால் போதும், அத்தனை பேர் கதையும் முடிந்தது. அது நடக்காமல் இருக்க, ஒருவர் வெயிலென்றும் மழையென்றும் பாராமல் ஓடுபாதை நெடுகக் கத்திக்கொண்டு திரிய வேண்டும். ஒலிபெருக்கியில் அவர் போடுகிற ‘சூ’ டிக்கெட் சரிபார்க்கிற இடம்வரை கேட்கும். அதனால் அவருக்கு சூ அண்ணன் என்று பெயர் வைத்தோம். சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும்.

நான் அங்கே பஸ் ஓட்டுகிறவள். கட்டட வாசலிலிருந்து விமானத்தின் படிக்கட்டுவரை பயணிகளைக் கொண்டுபோய் விடுகிற பஸ். அதற்கு நம்பர் பலகை கிடையாது, வெளிச்சாலையில் போக அனுமதியும் கிடையாது. “இத்தனை வருஷம் ஓட்டியும் ஒரு ஊருக்கும் போய்ச் சேராத டிரைவர் உலகத்துலயே நீ ஒருத்திதான்” என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். செய்யட்டும். நான் ஊர் ஊராகப் போகவில்லையே தவிர, ஊர்களெல்லாம் என் பஸ்ஸில் ஏறி இறங்கிவிட்டன. கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர்கள் பேசுவது என் காதில் விழும். எங்கள் தெருவுக்குள் இப்போது கடல் வந்து வந்து போகிறது என்பார் ஒருவர். இந்த வருஷம் பனியே விழவில்லை, கரடி தூங்காமல் ஊருக்குள் சுற்றுகிறது என்பார் இன்னொருவர். காடு எரிந்த புகையில் பகலிலேயே விளக்குப் போட்டுக்கொண்டு இருந்தோம் என்பாள் ஒரு பெண். அதற்குள் விமானம் வந்துவிடும், கதவைத் திறந்துவிடுவேன். உலகத்துக் கதைகளில் எனக்குத் தெரிந்ததெல்லாம் முதல் பாதிதான். மீதியை வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டு நானே யோசித்துக்கொள்வேன்.

சூ அண்ணன் ஒட்டடைக்குச்சி மாதிரி நெடுநெடுவென்று இருப்பார். கழுத்தில் எப்போதும் ஒரு துண்டு. அவருடைய மஞ்சள் ஜீப்பின் பின்னால் வெறும் வெடிச்சத்தம் போடுகிற ஒரு குழாய், கூரையில் ஒரு சைரன். பகலெல்லாம் கத்திவிட்டு வீட்டுக்குப் போனால் வாயைத் திறக்க மாட்டார். தண்ணீர் வேண்டுமென்றால் கட்டைவிரலைக் காட்டுவார், சோறு போதுமென்றால் உள்ளங்கையைக் காட்டுவார். அண்ணி வண்டிகளுக்கு இருக்கை உறை தைக்கிறவர். என் பஸ்ஸின் சீட்டெல்லாம் அவர் கைவேலைதான். “தொண்டைய ஓடுபாதைக்கே எழுதி வச்சுட்டார்மா. வீட்டுல கத்துறது நான் மட்டும்தான். தெருவுல சண்டைக்காரின்னு பேர் வாங்குனதும் நான்தான்” என்று ஊசியை வாயில் வைத்தபடியே புலம்புவார்.

நிலைய அலுவலகத்தில் பூட்டிய இரும்புப் பெட்டி ஒன்று உண்டு. அதற்குள் ஒரு துப்பாக்கி. எவ்வளவு விரட்டியும் பறவை ஓடுபாதையை விட்டுப் போகவில்லையென்றால் சுட வேண்டும் என்பது விதி. சூ அண்ணன் வேலைக்குச் சேர்ந்த பிறகு அந்தப் பெட்டியை யாரும் திறந்ததில்லை. “நான் விரட்டுற ஒவ்வொண்ணும் உயிரோட போகுது. அந்தப் பெட்டியத் திறக்கிற அன்னைக்கு நான் வேலைக்கு வர மாட்டேன்” என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகம் கொஞ்சம் கடுகடுவென்று இருக்கும்.

அவர் வெறும் சத்தம் போடுகிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. பறவை சும்மா வருவதில்லை, ஏதோ ஒன்றுக்காக வருகிறது, அந்த ஒன்றை எடுத்துவிட்டால் வராது என்பது அவர் பிடித்துக்கொண்ட பிடி. புல்லை ஒரு அளவுக்கு மேல் வளரவும் விட மாட்டார், ஒரு அளவுக்குக் கீழே வெட்டவும் விட மாட்டார். மழை நின்றதும் வாளியோடு போய் மண்புழு பொறுக்குவார். எல்லாவற்றுக்கும் மேலாக, தண்ணீர். சைக்கிளை எடுத்துக்கொண்டு சுற்றுவட்டாரம் முழுக்கப் போவார். செங்கல் சூளைப் பள்ளம், துணி துவைக்கிற குட்டை, கைவிட்ட கல்குவாரி, மீன் வளர்த்து நஷ்டப்பட்டவரின் தொட்டி என்று எங்கே தண்ணீர் நின்றாலும், உடையவரைப் பார்த்துக் கெஞ்சியோ கொஞ்சியோ மூட வைத்துவிடுவார். மூட முடியாததற்கு வலை போட்டுவிடுவார். சில வருஷங்களில் எங்கள் ஓடுபாதைப் பக்கம் ஈ காக்கை கிடையாது. மேலிடத்திலிருந்து கேடயம் ஒன்று வந்தது. காத்திருக்கும் அறையின் சுவரில் அதை மாட்டினார்கள். அண்ணி அதைப் பார்க்க வந்து, சட்டத்தில் தூசி என்று முந்தானையால் துடைத்துவிட்டுப் போனார்.

மலைக்கு அந்தப் பக்கம் பெரிய ஏரி இருந்தது. தூரத்து உச்சிகளில் பனி உருகித்தான் அதற்குத் தண்ணீர் வரும். பனி வருஷத்துக்கு வருஷம் குறைந்தது, வெயில் கூடியது, ஏரி கரையிலிருந்து உள்வாங்க ஆரம்பித்தது. முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு படகுகள் தரையில் உட்கார்ந்துவிட்டன, கரையில் இருந்தவர்கள் ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பினார்கள். கடைசியில் அங்கே மிஞ்சியது வெள்ளையாக ஒரு படிவம்தான். காற்று அடிக்கிற நாளில் அந்த வெள்ளைத் தூள் மலையைத் தாண்டி வந்து ஓடுபாதையின் மேல் மிதக்கும். அதற்குள் பஸ்ஸை ஓட்டுவது கனவுக்குள் ஓட்டுகிற மாதிரி இருக்கும். கட்டடம் தெரியாது, விமானத்தின் வால் மட்டும் தனியாக நிற்கும். அழகாகத்தான் இருக்கும். கண்ணும் எரியும், நெஞ்சும் கரிக்கும், ஒரு ஏரியை மூச்சில் இழுத்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே ஓட்டுவேன்.

அப்போதுதான் காலம் தப்பிய மழை ஒன்று வந்தது. இரவு முழுக்கக் கொட்டிவிட்டு விடியும்போது நின்றது. நான் வேலைக்கு வந்தபோது ஓடுபாதையே இல்லை. அங்கே இருந்தது வானம். சாம்பல் நிற மேகமும் ஓரத்து விளக்குகளும் அப்படியே தரையில் கிடந்தன. அதன்மேல் சின்னச் சின்னதாகக் கறுப்பு உருவங்கள் மிதந்துகொண்டிருந்தன. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். வாத்தைவிடச் சின்னது, கூர்மூக்கு, ரத்தச் சிவப்பில் கண். அத்தனையும் மார்பைத் தரையில் வைத்து, தண்ணீரில் இருக்கிற நினைப்பிலேயே அமைதியாக உட்கார்ந்திருந்தன. நான் எழுந்துவிட்டேனா, இன்னும் தூங்குகிறேனா என்று சந்தேகமாக இருந்தது.

சூ அண்ணனுக்கு அந்தச் சந்தேகமெல்லாம் வரவில்லை. ஜீப்பைக் கிளப்பினார். சைரன் அலறியது, குழாய் வெடித்தது, ‘சூ’ என்ற குரல் மலையில் முட்டித் திரும்பியது. பறவைகள் சிறகை அடித்தன, மார்பால் தரையைத் தேய்த்துக்கொண்டு கொஞ்சம் நகர்ந்தன, நின்றுவிட்டன. அவர் இன்னும் பக்கத்தில் போய் வெடித்தார். மறுபடி அடித்துக்கொண்டு தேய்ந்தன. மேலே ஒன்றுகூட எழவில்லை.

“என்ன திமிர் பாரு தங்கச்சி! எத்தனையோ பறவையப் பாத்திருக்கேன், இவ்வளவு நெஞ்சழுத்தம் எதுக்கும் இல்ல” என்று என்னிடம் கத்தினார்.

அன்று காலை விமானம் எதுவும் இல்லை. அவரும் விடவில்லை. வெயில் ஏறி ஈரம் காய்கிறவரைக்கும் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டிக்கொண்டே இருந்தார். அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் பயம். அது வேலை செய்யவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் பயம். குரல் கட்டிப்போன பிறகுதான் ஜீப்பை விட்டு இறங்கினார். ஒன்றைக் கையில் எடுத்தார். அதன் மார்பு இறகெல்லாம் உரிந்திருந்தது, கால் விரல்களில் தோல் இல்லை. அவர் கையிலேயே அது கழுத்தைத் தொங்கவிட்டது.

எங்கள் பாதுகாப்பு அதிகாரி ஓடிவந்தார். புதிதாக வந்த பெண், பறவைகளைப் பற்றிப் படித்தவர். தூரத்திலிருந்தே கையை ஆட்டிக்கொண்டு வந்தார்.

“நிறுத்துங்க அண்ணே! இது முக்குளிப்பான். தரையில இருந்து இதுங்களால எழும்ப முடியாது.”

“முடியாதா மேடம்?”

“காலைப் பாருங்க, ஒடம்போட கடைசியில இருக்கு. நடக்கக்கூட வராது. தண்ணி மேல நீளமா ஓடி, அந்த வேகத்துலதான் பறக்கும். ராத்திரி மேல போறப்ப ஈரத் தார் ரோட்டைப் பாத்து ஏரின்னு நெனச்சு எறங்கிடும்.”

“அப்ப இவ்வளவு நேரம் நான்…” என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. கையிலிருந்ததைக் கீழே வைக்கவும் இல்லை. ஓடுபாதையில் கிடந்தவற்றில் பெரும்பாலானவை மதியத்துக்குள் செத்துப்போயின. அன்று அவர் அழுதார். நாங்கள் பார்த்தோம், அவரும் மறைத்துக்கொள்ளவில்லை.

அதிகாரி நல்ல பெண். அவரைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, கணினியில் வானத்திலிருந்து எடுத்த படம் ஒன்றைக் காட்டினார். எங்கள் வட்டாரம் முழுக்கப் பழுப்பு நிறம். ஏரி இருந்த இடம் வெள்ளை. நடுவில் பளபளவென்று ஒரே ஒரு கோடு, எங்கள் ஓடுபாதை. “பாருங்க, எறங்கறதுக்கு வேற எதுவுமே தெரியல. உங்க மேல தப்பு இல்ல” என்றார். சூ அண்ணன் விரலை அந்தப் படத்தின் மேல் வைத்தார். சூளைப் பள்ளம், துவைக்கிற குட்டை, கல்குவாரி, மீன்தொட்டி. ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார்.

“இதெல்லாம் நான் மூடுனது மேடம்” என்றார்.

விதிப்படிதானே செய்தீர்கள் என்று அதிகாரி சொன்னார். அது அவர் காதில் ஏறவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வறண்ட ஊரில் மழைக்குப் பயப்படுகிற ஒரே மனிதர் சூ அண்ணன்தான். ஊரே மேகத்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும், இவர் முகம் வெளிறும். “ராத்திரி ஜன்னல்ல ஒரு சொட்டு விழுந்தா எழுந்து உக்காந்துக்கறார். அது எங்க மாடி வீட்டுத் தண்ணி வழியறதுன்னு சொன்னாலும் நம்ப மாட்டேங்கறார்” என்றார் அண்ணி. அடுத்த வருஷம், அதேபோலக் காலம் தப்பி, மழை வந்தது.

அந்தக் காலையும் வானம் தரையில் கிடந்தது. அதன்மேல் முக்குளிப்பான்கள். போன தடவையைவிட அதிகம். இந்தத் தடவை ஒரு வித்தியாசம். இங்கே வர வேண்டிய காலை விமானம் அதன் ஊரிலிருந்து கிளம்பிவிட்டிருந்தது. வழக்கமாக இங்கே இறங்க முடியாவிட்டால் பக்கத்து நகரத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே காட்டுத்தீயின் புகையில் ஓடுபாதையே தெரியவில்லை என்று மூடிவிட்டார்களாம். திரும்பிப் போக எரிபொருளும் போதாது, விமானம் இங்கேதான் இறங்கியாக வேண்டும். உள்ளே மனிதர்கள் இருக்கிறார்கள். அதிகாரி அலுவலகத்துக்குள் போய், அந்த இரும்புப் பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு சாவியோடு வெளியே வந்தார்.

“அரை மணி நேரம் இருக்கு அண்ணே. பெட்டியத் திறந்துட்டேன். என்னை எடுக்க வைக்காதீங்க” என்றார்.

சூ அண்ணன் ஜீப்பின் சைரனை அணைத்தார். ஒலிபெருக்கியைச் சீட்டில் வைத்துவிட்டு இறங்கினார். எங்களைத் திரும்பிப் பார்த்து, வீட்டில் பேசுகிறாரே, அந்தக் கைப்பேச்சில் பேச ஆரம்பித்தார். உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டினார், மெதுவாக. விரலை உதட்டில் வைத்தார். பெட்டி ஏற்றுகிறவர்கள், தரை துடைக்கிறவர்கள், பயணிகளின் பையைச் சோதிக்கிறவர்கள் எல்லாரும் வந்துவிட்டோம். விமானத்தில் கொடுக்கிற போர்வைகள் வந்தன. பயணிகள் செருப்பும் பெல்ட்டும் கழற்றி வைக்கிற சாம்பல் நிறத் தட்டுகள் அடுக்கடுக்காக வந்தன. பின்னாலிருந்து போய் போர்வையைத் தலைமேல் போட வேண்டும், இறக்கையோடு சேர்த்து அணைத்துத் தூக்க வேண்டும், தட்டில் வைக்க வேண்டும். அவர் ஒன்றைச் செய்து காட்டினார். நாங்கள் செய்தோம்.

அந்த அரை மணி நேரம் இன்னும் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒருவரும் பேசவில்லை. ஈரத்தில் வெறுங்கால் சத்தம், போர்வைச் சத்தம், அவ்வளவுதான். மேகத்தின் மேல் நடந்துபோய் ஒவ்வொருவரும் குனிந்து எதையோ அள்ளி அணைத்துக்கொண்டு திரும்பினார்கள். எப்போதும் எல்லாரையும் விரட்டி விரட்டிப் பையைத் திறக்கச் சொல்லும் சோதனைக்காரம்மா, தட்டிலிருந்த பறவையிடம் ‘ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல’ என்று முணுமுணுத்துக்கொண்டு வந்தார். பறவைகள் கொத்தின, வலித்தது. யாரும் ‘ஆ’ என்றுகூடச் சொல்லவில்லை. தட்டுகளெல்லாம் என் பஸ்ஸில் ஏறின.

மேகத்துக்குள் விமானத்தின் விளக்கு தெரிந்தபோது, ஓடுபாதையின் கடைசி முனையில் இன்னும் ஒரு கூட்டம் இருந்தது. அதிகாரி பெட்டியின் பக்கத்தில் நின்றார். விமானி ஒரு சுற்று சுற்றி வருவதாகச் சொன்னார், இன்னொரு சுற்றுக்கு எரிபொருள் தாங்காது என்றும் சொன்னார். சூ அண்ணன் ஓடினார். அந்த வயதில் அந்த நெட்டை உடம்பு அப்படி ஓடும் என்று நான் நினைத்ததில்லை. போர்வை தீர்ந்துபோனதால் சட்டையைக் கழற்றினார், துண்டை உருவினார். நாலைந்து பேர் பின்னாலேயே ஓடினார்கள். எல்லாரும் மார்போடு மூட்டைகளை அணைத்துக்கொண்டு புல்வெளிக்கு அப்பால் போய் விழுந்த பிறகுதான் அதிகாரி வானொலியில், “இறங்கலாம்” என்றார். விமானம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. அதிகாரி பெட்டியை மூடிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

விமானத்திலிருந்து இறங்கிய ஒருவர் கோட்டும் சூட்டுமாக என்னிடம் வந்து, பஸ் எங்கே என்று அதிகாரமாகக் கேட்டார்.

“இதாங்க பஸ். ஆனா ஃபுல்லு. நடந்தா ஒடம்புக்கு நல்லது” என்றேன். அவர் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார், அத்தனை சிவப்புக் கண்களும் அவரைப் பார்த்தன. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்துபோனார்.

எங்கே கொண்டுபோவது? ஏரி இல்லை. குட்டைகள் இல்லை. மலைக்கு அந்தப் பக்கம், விமான நிலையத்தைச் சுற்றித் தண்ணீர் நிற்கக் கூடாதென்று விதி தடுக்கிற எல்லைக்கு வெளியே, நகரத்துக் கழிவுநீரைச் சுத்தம் செய்கிற குளம் ஒன்றுதான் மிச்சம் என்றார் அதிகாரி. வெளிவாசல் காவலர் என் பஸ்ஸைத் தடுத்து, இந்த வண்டிக்கு நம்பரே இல்லையே என்றார். அதிகாரி தன் காரிலிருந்து தலையை நீட்டி, “என் காருக்கு இருக்கில்ல, ரெண்டுக்கும் சேத்து எழுதிக்குங்க” என்று சொல்லிவிட்டு, விளக்கைச் சிமிட்டிக்கொண்டே முன்னால் போனார்.

அப்படித்தான் என் பஸ் முதல்முதலாக ஒரு ஊருக்குக் கிளம்பியது. மலைத் திருப்பத்தில் ஏரி இருந்த இடம் தெரிந்தது. வெள்ளை வெளேரென்று வானத்து விளிம்புவரை போயிற்று, நடுவில் படகுகள் சாய்ந்து நின்றன. சூ அண்ணன் சட்டையில்லாமல், பயணிகள் பிடிக்கிற கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தார்.

“இவங்க ரொம்ப தூரத்துல இருந்து வர்றாங்க தங்கச்சி” என்றார். குரல் எனக்குப் புதிதாக இருந்தது. அவர் இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. “தாத்தன் பூட்டன் காலத்துலேருந்து எறங்குன எடம். ராத்திரி பூராப் பறந்து வந்து கீழ பாத்தா, இல்ல. எப்படிப் பயந்திருப்பாங்க சொல்லு. அதுக்கு மேல நான் வேற.”

தட்டுகள் ஆடாமல் இருக்க வேகத்தைக் குறைத்தேன். ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

குளத்துக்குக் காவலாக ஒருவர் இருந்தார். ஏரியில் மீன் பிடித்தவர். படகை அங்கேயே விட்டுவிட்டு வந்து இந்த வேலையில் சேர்ந்தவர். “மூக்கப் பொத்திக்கிட்டு வாங்க. ஆனா ஒண்ணு, ஊர்ல மனுசங்க இருக்கற வரைக்கும் இந்தக் கொளம் வத்தாது” என்று வரவேற்றார். தட்டிலிருந்த பறவையைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. “இவனா! ஏரியில எங்க வலையில மாட்டுவான். திட்டிக்கிட்டே எடுத்து விடுவோம். இப்பத் திட்டக்கூட ஆள் இல்லாம இருந்தேன்” என்றார்.

குளம் முழுக்க ஆகாயத்தாமரை மூடியிருந்தது. மேலிருந்து பார்த்தால் புல்தரை என்றுதான் தோன்றும். கரையோரம் மட்டும் ஒரு கூடத்து அளவு தண்ணீர் திறந்திருந்தது. அங்கே ஒவ்வொன்றாக இறக்கினோம். முதல் பறவை மிதந்தது, தலையை உள்ளே விட்டது, மறைந்துவிட்டது. சூ அண்ணன் பதறிப்போய் முழங்கால்வரை இறங்கிவிட்டார். அது கொஞ்சம் தள்ளி வெளியே வந்து தலையை உதறியது. காவல்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எங்களுக்கும் சிரிப்பு வந்தது, எனக்கு அதோடு கண்ணீரும் வந்தது.

ஆனால் எழும்ப வேண்டுமே. நீளமாக ஓடினால்தானே பறக்க முடியும்? அந்தக் கூடத்து அளவுத் தண்ணீரில் அவை உயிரோடு இருக்கலாம், அவ்வளவுதான். சூ அண்ணன் கரையில் நின்று குளத்தை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார். பிறகு மார்பளவு நாற்றத் தண்ணீரில் இறங்கி ஆகாயத்தாமரையை வேரோடு பிடித்து இழுக்க ஆரம்பித்தார். காவல்காரரும் இறங்கினார். சூ அண்ணன் லீவு போட்டுவிட்டார், இருவரும் நாள்கணக்காக அதையே செய்தார்கள். அண்ணி வந்து பார்த்தார், வாயில் வந்தபடியெல்லாம் திட்டினார், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவரும் இறங்கிவிட்டார். ஒரு சாயங்காலம், நீளமாகத் திறந்து கிடந்த தண்ணீரின் மேல் ஒரு பறவை ஓடியது. காலால் தண்ணீரைத் தட்டித் தட்டி ஓடி, கடைசியில் கால் தண்ணீரை விட்டது. பிறகு ஒன்று, பிறகு எல்லாம். காயம்பட்ட சில மட்டும் அங்கேயே இருந்துவிட்டன, சில செத்தும் போயின.

சூ அண்ணன் வேலையை விட்டார். அவர் இடத்துக்குத் தானாகவே சத்தம் போடுகிற கருவி ஒன்று வந்தது. அவர் குளத்திலேயே சேர்ந்துகொண்டார். குளம் பூராவும் திறந்து பளபளவென்று மேலிருந்து தெரிய வேண்டும் என்பது மட்டுமே அவர் நினைப்பு. ஒரு இலை மிதந்தாலும் பொறுக்க மாட்டார். ஈரத் தரை மினுங்கிப் பறவைகளை இழுக்காமல் இருக்க, மழை ராத்திரிகளில், விமானம் இல்லாதபோது, ஓடுபாதை விளக்குகளை அணைத்து வைக்க அதிகாரி மேலிடத்தோடு மல்லுக்கட்டி அனுமதி வாங்கினார். வாங்கிவிட்டு அவரைப் பார்த்து ஒளிக்காமல் சொன்னார்: “அடுத்த மழைக்கும் இங்கயே எறங்கினா, அள்ளறதுக்கு நீங்க இருக்க மாட்டீங்க அண்ணே. மேலிடத்துல சொல்லிட்டாங்க. அந்தப் பெட்டிதான்.”

அடுத்த வருஷம் மழை வந்தது. இரவெல்லாம் நான் தூங்கவில்லை. விடியும்போதே வந்து பஸ்ஸை எடுத்தேன். விளக்குகள் அணைந்திருந்தன. தரையில் வானம் கிடந்தது, அதன் ஓரமாக மெதுவாக ஓட்டினேன். ஒவ்வொரு கறுப்புப் புள்ளிக்கும் பிரேக்கை அழுத்தினேன். ஒன்று டயர்த் துண்டு, ஒன்று தார் ஒட்டு. அந்த முனைவரை போய்த் திரும்பி வந்தேன். பெட்டியின் சாவியோடு வாசலில் நின்ற அதிகாரிக்கு, இல்லை என்று கையை ஆட்டினேன். அவர் நம்பாமல் தானே ஒரு தடவை நடந்து பார்க்கப் போனார்.

இங்கே இல்லையென்றால் எங்கேயுமே வரவில்லையோ என்று அப்போதுதான் தோன்றியது. போனை எடுத்துக் குளத்துக்கு அடித்தேன். வெகுநேரம் கழித்து எடுத்தார்.

“அண்ணே! இங்க ஒண்ணுகூட இல்லண்ணே! ஒண்ணுகூட எறங்கல!” என்று கத்தினேன்.

சூ அண்ணன் காதோடு காதாக ரகசியம் சொல்கிற மாதிரி பேசினார்.

“கொஞ்சம் மெதுவாப் பேசும்மா. வந்ததெல்லாம் இங்கதான் தூங்குது.”